அவர் என்ற எழுத்துப்பிழை

என் மனைவி எழுதிய கடைசி நாவலில் முதல் பக்கம் தொடங்கி முடிவு வரை ஒரே எழுத்துப்பிழை திரும்பத் திரும்ப வந்திருப்பதாகவும், அதற்காக அவர் சார்பில் நான் வருந்துவதாகவும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டிருந்தால் அந்தப் புத்தகம் இன்று எல்லாப் பொது நூலகங்களிலும் இருக்கும். போடாததால் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். மர்மக் கதை எழுதியவரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அந்தப் பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

அவர்கள் பிழை என்று சொன்னது ‘அவர்’ என்ற சொல்லை.

என் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். வலி எடுக்கும்வரை காத்திருக்கும் நேரமெல்லாம் அவருக்கு எழுதும் நேரம். வலி வந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அவருடைய அத்தியாயங்கள் எல்லாம் வாசகரைத் தவிக்கவிட்டுச் சட்டென்று முடிவதாகப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டில் பாதி, அந்தந்த நேரத்தில் வந்து சேர்ந்த குழந்தைகளுக்குப் போக வேண்டியது.

அவருடைய நாவல்களில் துப்பறிகிறவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். கடைசி நாவலில் அந்த இன்ஸ்பெக்டருக்கு ஏழு மாதம். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த கொலையை, வீங்கிய காலோடு மாடி மாடியாக ஏறி இறங்கி விசாரிக்கிறார். இவரைப் பற்றி எழுதும் இடங்களில் எல்லாம் ‘வந்தார்’, ‘கேட்டார்’, ‘கதவை உதைத்தார்’ என்றுதான் இருக்கும். ‘வந்தாள்’ என்று ஓரிடத்தில்கூடக் கிடையாது.

அதற்குக் காரணம் வார்டில் நடக்கும் பேச்சு. ஒருநாள் வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

“லிஃப்ட் இயக்குறவர் வந்தா, ‘அவரு வந்தாரு’. எங்க பெரிய டாக்டர் வந்தா, ‘அந்தம்மா வந்துச்சு’. மழை வந்துச்சு, கரண்ட் வந்துச்சு, டாக்டர் வந்துச்சு!”

“சரி, அதுக்கு லிஃப்ட்காரர் என்ன செய்வார்?”

“அவர் ஒண்ணும் செய்ய வேணாம். அவருக்குக் கிடைக்கிற ‘ரு’ அவருக்கு இருக்கட்டும். நான் படிச்ச துப்பறியும் கதையெல்லாம் பாருங்க. ஆம்பளை துப்பறிவாளர் நுழைஞ்சா ‘நுழைந்தார்’. கூட வர்ற உதவியாளப் பொண்ணு அவருக்கு முன்னாடியே கொலைகாரனைப் புடிச்சிருந்தாலும் ‘பிடித்தாள்’. என் இன்ஸ்பெக்டர் வருவார். அவ்வளவுதான்.”

பாசத்துக்கு ‘ள்’ போட்டுக்கொள்ளலாம், வேலைக்கு ‘ர்’ போட வேண்டும் என்பது அவருடைய இலக்கணம். வீட்டில் நான் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசினேன். இது அவருடைய வேலையைப் பற்றிய கதை என்பதால் ‘அவர்’ என்று எழுதுகிறேன். மகளை ‘அவள்’ என்று எழுத அவளிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பேச்சில் ‘அவரு’ என்றால் ஆண். பெண்ணுக்கு மரியாதை கொடுக்க ‘அவங்க’ என்போம். எழுத்தில் மட்டும் ‘அவர்’ இருவருக்கும் பொது. புத்தகம் படிக்கிற எவருக்கும் இது தெரியும். அந்த இத்தனூண்டு இடைவெளியில் ஒரு கழகமே தடுக்கி விழும் என்று யார் எதிர்பார்த்தது?

நாவல் அச்சுக்குப் போனபோது மெய்ப்புத் திருத்துபவர் தன் கடமையாக எண்ணி எல்லா ‘அவர்’களையும் ‘அவள்’ ஆக்கி அனுப்பினார். அப்போது என் மனைவி படுக்கையோடு இருந்தார். நிமிர்ந்து உட்கார முடியாது. நான் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாக அடித்துத் திரும்ப ‘ர்’ போட்டார். கை நடுங்கும். எழுத்து ஓரிடத்தில் விழுந்தால் அதன் புள்ளி வேறிடத்தில் விழும்.

“புள்ளி ஓடிப்போச்சு. புடிச்சுட்டு வாங்க” என்பார்.

நான் இன்னொரு பேனாவால் சரியான இடத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அப்படியே முழு நாவலும். புத்தகம் பைண்டிங் முடிந்து வந்தபோது அவர் இல்லை.

பதிப்பாளர் நல்ல மனிதர். துக்கம் கேட்க வந்த இடத்திலேயே, “தரக் கழகத்துக்கு ஒரு பிரதி அனுப்பிடறேன் சார். முத்திரை விழுந்தா எல்லா லைப்ரரிக்கும் போயிடும். இல்லேன்னா என் குடோன்ல எலிதான் துப்பறியும்” என்றார்.

மர்ம இலக்கியத் தரக் கழகம் என்பது அதன் முழுப் பெயர். அதன் பூதக்கண்ணாடி முத்திரை இல்லாத துப்பறியும் நாவலை எந்தப் பொது நூலகமும் வாங்காது. தலைவர் எடை அளவைத் துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாவலுக்கு ஒரு பிணத்துக்குக் குறையாமலும் நான்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்ற அளவை வகுத்தவர் அவர்தான். அவர் கொண்டுவந்த இன்னொரு விதி உலகில் வேறெங்கும் இல்லாதது: நடுவர்கள் கடைசி அத்தியாயத்தைப் படிக்கக் கூடாது. முடிவு தெரிந்துவிட்டால் நடுநிலைமை கெட்டுவிடும். ஆகவே பதிப்பாளர்கள் கடைசி அத்தியாயத்தை அரக்கு வைத்து ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். முடிவு தெரியாத கதையின் நடுப்பகுதியைப் படிப்பதில் பயனில்லை என்று சில நடுவர்கள் கருதினார்கள். நடுப்பகுதி தெரியாமல் தொடக்கத்தைப் படிப்பது ஆபத்து என்று மற்றவர்கள் கருதினார்கள். இப்படியாகக் கழகத்தின் நடுநிலைமை ஆண்டுக்காண்டு வளர்ந்துவந்தது.

சில வாரங்களில் பதிப்பாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார். முத்திரை மட்டுமில்லை, ஆண்டின் சிறந்த துப்பறிவாளருக்குக் கழகம் தரும் இரும்புக்கர விருதும் எங்கள் இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்திருந்தது. விருது எழுதியவருக்கு அல்ல, பாத்திரத்துக்கு. பாத்திரம் நேரில் வர முடியாததால் உறவினர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

நானும் மகளும் போனோம். இருவரும் சேர்ந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். அன்று எல்லா வகுப்பையும் ரத்து செய்துவிட்டு, கார் கூரையில் இருந்த பலகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

வாசலில் காவலாளி எங்கள் பத்து விரலிலும் மை தடவி ரேகை எடுத்தார்.

“ஏன் அண்ணே, பரிசு வாங்க வந்தவங்களா நாங்க, திருட வந்தவங்களா?” என்றாள் மகள்.

“ரெண்டுக்கும் ஒரே மைதான்மா” என்றார் அவர்.

உள்ளே நடுவர்கள் எல்லாரும் முழங்கால் வரை நீண்ட கோட்டு அணிந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பறியும் மரபுக்கு அது மரியாதையாம். கோட்டு போடாதவர் ஒரே ஒருவர், ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகளிர் பிரதிநிதி. அவர் அளவில் கழகத்திடம் கோட்டு இல்லை.

தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நாவலாசிரியர் வரலையா?”

“அவங்க இறந்துட்டாங்க.”

“அடடா. எந்த அத்தியாயத்துல?”

நான் பதில் சொல்வதற்குள் செயலாளர் மணியடித்தார். கூட்டம் தொடங்கும் முன், இதுவரை மர்ம நாவல்களில் கொல்லப்பட்ட அனைவருக்கும் மௌன அஞ்சலி செலுத்துவது கழகத்தின் வழக்கம். எல்லாரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். விஷம் குடித்தவர்கள், மாடியில் இருந்து தள்ளப்பட்டவர்கள், பூட்டிய அறைக்குள் குத்துப்பட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து நானும் நின்றேன்.

முடிந்ததும் மகள் கேட்டாள்: “இதுல எங்க அம்மாவும் சேர்த்தியா?”

செயலாளர் துணைவிதிகளைப் புரட்டினார். வருத்தத்தோடுதான் சொன்னார்: “கதைக்குள்ள இறந்தவங்களுக்கு மட்டும்தான்மா வழி இருக்கு. கதைக்கு வெளியே இறந்தவங்களைச் சேர்த்தா ஒரு கட்டுப்பாடே இல்லாமப் போயிடும்.”

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மகள் உட்காரவில்லை. நானும் மறுபடி எழுந்து அவள் பக்கத்தில் நின்றேன். நிகழ்ச்சி நிரல் எங்களுக்காகக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

பிறகு தலைவர் பேசினார். அவர் பேச்சை என் நினைவில் இருந்து எழுதுகிறேன். மறக்கக் கூடிய பேச்சு இல்லை அது.

“நண்பர்களே! இன்றைய துப்பறிவாளர்கள் மென்மையாகிவிட்டார்கள். அழுகிறார்கள். கவிதை சொல்கிறார்கள். இந்த இன்ஸ்பெக்டரைப் பாருங்கள்! ஆண்பிள்ளை! முன்னால் தள்ளிய தொப்பையோடு ஆறு மாடி ஏறுகிறார். நமக்கெல்லாம் இருக்கிறதே, அதே தொப்பை! கால் வீங்குகிறது, கவலைப்படவில்லை. காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறார். ஏன்? முதல் நாள் எங்கே போயிருந்தார் என்று நாம் கேட்கக் கூடாது. ஆண்பிள்ளைகளுக்கு ஆயிரம் இருக்கும்! அவருக்குள் ஏதோ உதைக்கிறது என்று ஆசிரியை எழுதுகிறார். அதுதான் மனசாட்சி! இவ்வளவு அச்சு அசலான ஒரு ஆண்பிள்ளையை ஒரு பெண்மணி படைத்திருப்பது வியப்பு. நிச்சயம் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார்.”

எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். பதிப்பாளர் தன் காலணியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் என் காதில், “சொல்லிடலாமாப்பா?” என்றாள்.

“அவரே படிக்கப் போறார், இரு” என்றேன்.

ஏனென்றால் அடுத்த சடங்கு அரக்கு உடைப்பு. விருது பெற்ற நாவலின் கடைசி அத்தியாயத்தைத் தலைவர் சபையின் முன் உடைத்து, முதல்முறையாக, உரக்கப் படிக்க வேண்டும். உடைத்தபின் நடுவில் நிறுத்தக் கூடாது என்பது விதி. அதை வகுத்தவரும் அவரேதான்.

அந்த அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டரும் கொலைகாரரும் ஒரு லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடுகிறது. கொலைகாரருக்கு விலங்கு மாட்டியாகிவிட்டது.

தலைவர் நல்ல கட்டைக் குரலில் படித்தார்: “இன்ஸ்பெக்டர் சுவரைப் பற்றிக்கொண்டார். ‘பனிக்குடம் உடைஞ்சிடுச்சு’ என்றார்.”

நிறுத்தி, சபையைப் பார்த்து விளக்கம் சொன்னார்: “பனிக்குடம் என்பது இங்கே ஒரு முக்கியத் தடயம். ஆயுதத்தைக் கொலைகாரன் பனிக்கட்டிக் குடத்தில் ஒளித்து வைத்திருக்கிறான். உடைந்தது. அகப்பட்டது!”

கை தட்டல். பின்வரிசையில் இருந்து என் மனைவியோடு வேலை பார்த்த நர்ஸ்கள் மூன்று பேர் ஒரு விசித்திரமான சத்தம் போட்டார்கள். சிரிப்பை விழுங்கும்போது வருகிற சத்தம்.

தலைவர் தொடர்ந்தார். இன்ஸ்பெக்டருக்கு வலி வருகிறது. வலிக்கும் வலிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கொலைகாரரை எண்ணச் சொல்கிறார். அந்த இடைவெளிகளில் கேள்வி கேட்டு வாக்குமூலம் வாங்குகிறார். ஒவ்வொரு வரிக்கும் தலைவரின் குரல் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது. “‘தலை தெரியுதா பார்’ என்றார் இன்ஸ்பெக்டர்” என்ற இடத்தில் அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். வெளியே போகும் கதவைப் பார்த்தார். விதி விதிதான். கடைசி வரியை, கோட்டுக் காலருக்குள் சொல்வதுபோலச் சொன்னார்: “லிஃப்ட் கதவு திறந்தபோது, ஒரு கையில் கைதியையும் மறு கையில் மகளையும் பிடித்தபடி அவர் வெளியே வந்தார்.”

நர்ஸ்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். விருது ஏற்கனவே என் மடியில் இருந்தது. இரும்பால் செய்த ஒரு முஷ்டி. நல்ல கனம்.

மறுவாரமே விசாரணைக்கு அழைப்பு வந்தது. கழகத்தை ஏமாற்றியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். மர்ம இலக்கியத்துக்காகவே வாழ்கிறவர்கள் தங்கள் வாழ்நாளில் நடத்திய முதல் துப்பறிதல் அது.

“உங்க மனைவி திட்டம் போட்டு மறைச்சிருக்காங்க” என்றார் தலைவர்.

“எதைங்க?”

“பெண்ங்கறதை.”

“ரெண்டாம் அத்தியாயத்துலேயே ‘எனக்கு ஏழு மாசம்’னு சொல்றாங்களே?”

“பணியில் சேர்ந்து ஏழு மாசம்னு எடுத்துக்கிட்டோம்” என்றார் ஒரு நடுவர்.

“மகப்பேறு டாக்டரைப் பார்க்கப் போறாங்களே?”

“சாட்சியை விசாரிக்கப் போறார்னு எடுத்துக்கிட்டோம்” என்றார் இன்னொருவர்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. “சரிங்க, ‘அவருடைய கணவர் கதவைத் திறந்தார்’னு வருதே?”

நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது ‘காவலர்’ங்கறதோட அச்சுப்பிழைன்னு எடுத்துக்கிட்டோம்.”

“காவலர் எதுக்கு அவங்க காலைப் புடிச்சு விடறார்?”

“மேலதிகாரி இல்லையாம்மா.”

அப்போது ஓரத்தில் இருந்து, “எனக்கு முதல் பக்கத்துலேயே தெரியும்” என்று ஒரு குரல் வந்தது. மகளிர் பிரதிநிதி.

தலைவர் திடுக்கிட்டார். “அப்ப ஏன்மா சொல்லலை?”

“மகளிர் பிரதிநிதியின் கருத்து நிகழ்ச்சி நிரல்ல கடைசி அம்சம் தலைவரே. நீங்க எப்பவும் அதுக்கு முந்தின அம்சத்தோட டீ குடிக்கப் போயிடறீங்க.”

செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். டீ வந்தது.

விருதை ரத்து செய்யலாம் என்றால் ஒரு சிக்கல். கடைசி அத்தியாயம் தவிர முழுவதும் படித்துத் தேர்ந்தெடுத்தோம் என்று எல்லா நடுவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ரத்து செய்தால் படிக்கவில்லை என்று ஆகிவிடும். ஆகவே நாவலைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு நடுவர், துப்பறிவாளரை ஆணாகவே வைத்துக்கொள்ளலாம், வயிற்றை வாயுத் தொல்லையாக்கி, பிரசவத்தைக் குடல்வால் வலியாக்கிவிடலாம் என்றார்.

“குழந்தை?” என்றேன்.

அவர் யோசித்தார். “லிஃப்ட்ல யாரோ விட்டுட்டுப் போன குழந்தை. யார் விட்டதுங்கறது அடுத்த நாவலுக்கு ஆச்சு.”

“எழுதறவங்க இல்லைங்களே.”

“அதனாலதான் அது மர்மமாவே இருக்கும்” என்றார் அவர், திருப்தியோடு.

தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் நேர்மையானவர். பெண் என்றால் பெண்தான் என்றார். ‘அவர்’ எல்லாம் ‘அவள்’ ஆகட்டும், மகளிர் முத்திரை குத்திக் கொடுத்துவிடலாம். மகளிர் முத்திரையும் பூதக்கண்ணாடிதான், கொஞ்சம் சின்னது. நூலகத்தில் தனி அலமாரி, குழந்தை வளர்ப்புப் புத்தகங்களுக்குப் பக்கத்தில்.

“பெண்ணாவே இருந்துட்டுப் போகட்டும், அதைப் பத்தி எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை. நாங்க பெண்களை மதிக்கிறவங்க. ஆனா அவள் அவளா இருக்கணும். ‘அவர்’னு போட்டா வாசகன் என்ன நினைப்பான்? பெரிய ஆளுன்னு நினைச்சு நம்பிப் படிப்பான். கடைசியில பொம்பளைன்னா மனசு உடையாதா? எனக்கே இன்னும் சரியாகலை.”

செயலாளர் தீர்மானம் எழுதி வாசித்தார்: “மேற்படி துப்பறிவாளர் பெண் எனத் தெரியவந்துள்ளதால், அவரை ‘அவர்’ எனக் குறிப்பிட்டது தவறு எனவும், அவரை இனி ‘அவள்’ என்றே குறிப்பிட வேண்டும் எனவும், அவரது…”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளிர் பிரதிநிதி பொத்திக்கொள்ளவில்லை.

“மாத்துய்யா அதை” என்றார் தலைவர்.

“மாத்த முடியாதுங்க. தீர்மானத்துல யாரையும் ஒருமையில குறிக்கக் கூடாதுன்னு நம்ம துணைவிதி. கொலைகாரங்களைக்கூட.”

“அப்ப ‘அது’ன்னு போடு.”

செயலாளர் வாசித்துப் பார்த்தார்: “அது பெண் எனத் தெரியவந்துள்ளதால், அதை…”

“லிஃப்ட்டைப் பத்திப் பேசற மாதிரி இருக்கு” என்றார் ஒரு நடுவர்.

இப்படி மாலை வரை எழுதி எழுதிக் கிழித்தார்கள். அந்த இன்ஸ்பெக்டரை இறக்குவதற்கு எழுதிய ஒவ்வொரு தாளிலும் அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. கடைசியில் தலைவர் என்னிடம் திரும்பினார். குரல் தேன் மாதிரி ஆகியிருந்தது.

“சார், இதுல பெரிய மனுஷன் நீங்கதான். ஒரு வரி எழுதிக் கொடுங்க. ‘நாவலில் அவர் என வருவதெல்லாம் அவள் என்பதன் எழுத்துப்பிழை. ஆசிரியை உடல்நலமின்றி இருந்ததால் கவனிக்கவில்லை. வருந்துகிறேன்.’ அவ்வளவுதான். பெரிய முத்திரையே தர்றேன். எல்லா நூலகமும். அடுத்த வருஷம் அவங்க படத்தை இந்த ஹாலில் மாட்டறோம். மௌன அஞ்சலியிலேயும் சேர்த்துக்கலாம்.”

பதிப்பாளர் என் முழங்கையைத் தொட்டார். “சார், ஆயிரக்கணக்கான பேர் படிப்பாங்க. அவங்க எழுதினது அதுக்குத்தானே?”

பதிப்பாளர் சொன்னது பொய்யில்லை. அதுதான் கஷ்டம். என் மனைவிக்கு வாசகர்கள் என்றால் உயிர். இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போனால் புத்தகத்துக்குப் போக்கிடம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். தாளைப் படித்தேன். ‘உடல்நலமின்றி’ என்ற சொல் வரை வந்தேன். அதற்கு மேல் கண் போகவில்லை.

“ஒரே ஒரு எழுத்துங்க” என்றார் தலைவர். “‘ர்’ போய் ‘ள்’. ரெண்டும் புள்ளி வெச்ச எழுத்துதானே?”

“ஆமாங்க. அந்தப் புள்ளியில பாதி நான் வெச்சது” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

“ஒரே எழுத்துன்னா நீங்களே விட்டுக்கொடுங்க. அவங்க உடம்பு முடியாமத்தான் இருந்தாங்க. கவனிக்காம இல்லை. தூக்கி உட்கார வைக்க ஆள் வேணும், ஆனா எதை எப்படி எழுதணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கலை. பிழைன்னு எழுத மாட்டேன். வேணும்னா நீங்க ஒரு வரி எழுதுங்க, ‘படிக்காமப் பரிசு கொடுத்துட்டோம்’னு. நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்.”

“எழுதினா, நான் மட்டும் படிச்சேன்னு தனியாக் குறிச்சுடுங்க” என்றார் மகளிர் பிரதிநிதி.

தலைவர் எழுந்தார். கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். “முத்திரை நிறுத்தி வைக்கப்படும். போன புத்தகம் எல்லாம் திரும்பி வரும். ஒரு விகுதிக்காக மனைவியோட பேரைக் கெடுத்துக்காதீங்க.”

“அவங்க பேர் அட்டையிலேயே இருக்குங்க” என்றேன். “அந்த அளவுக்காவது படிச்சுப் பாருங்க.”

விசாரணைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்த விருதைத் திருப்பிக் கேட்டார்கள். அதுவும் முடியாது என்று சொன்னேன். இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தது, அவர் வந்து கேட்டால் அவரிடம் கொடுக்கிறேன் என்றேன். மகள் அந்த இரும்பு முஷ்டியைக் காரின் பின்சீட்டில் வைத்து, விழாமல் இருக்க சீட் பெல்ட் மாட்டிவிட்டாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, “அம்மாவா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பாங்களா?” என்று கேட்டாள்.

“பேனாவை மூடிட்டு எழுந்திருப்பார்” என்றேன்.

சொன்னதைச் செய்யும் கழகம் அது. புத்தகங்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஒன்றைக்கூட யாரும் திறந்திருக்கவில்லை. பெட்டிகளின் மேல் ஒட்டிய நாடாகூட அப்படியே இருந்தது. பதிப்பாளர் குடோனில் இடமில்லை என்று எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, தன் வீட்டம்மா ஒரு பிரதி எடுத்துப் படித்துவிட்டு இனித் தன்னை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடச் சொல்வதாகப் புகார் செய்தார்.

மகள் பெட்டிகளை உடைத்து, எங்கள் பயிற்சிக் கார்கள் எல்லாவற்றிலும் சீட்டுப் பைக்குள் புத்தகங்களைச் செருகினாள். வண்டி ஓட்டக் கற்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கும் நேரம் நிறைய. எங்களிடம் வருகிறவர்களில் பெண்களே அதிகம். பத்து நாளில் புத்தகங்கள் காணாமல் போகத் தொடங்கின. நர்ஸ்கள் வார்டுக்கு ஒரு பெட்டி கேட்டு ஆள் அனுப்பினார்கள். வலி எடுக்கும்வரை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கிறார்களாம். லிஃப்ட் அத்தியாயம் வந்தால் கர்ப்பிணிகள் டாக்டர் சொன்னாலும் படுக்க மறுக்கிறார்களாம்.

ஒருநாள் கழகச் செயலாளர் போன் செய்தார்.

“சார், முத்திரை இல்லாத மர்ம நாவலைப் பொது இடத்துல விநியோகம் பண்றதா தகவல். கழகம் கடுமையான நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.”

“எடுங்க. விசாரிக்க ஆள் அனுப்புங்க. ஒரே ஒரு வேண்டுகோள். படிச்ச ஆளா அனுப்புங்க.”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, “சார், அந்தக் கொலைகாரருக்கு அப்புறம் என்ன தண்டனை ஆச்சு? அன்னிக்கு ஹாலில் தலைவர் படிச்சதுல அது வரவே இல்லையே” என்றார். வாங்கிப் படியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதை எழுதி முடித்ததும் மகள் படித்தாள். “தலைவருக்கு எதுக்குப்பா இவ்வளவு ‘ர்’? ‘அவன்’னு போட்டா என்ன?” என்றாள். மரியாதை என்ன பங்கிட்டுக் கொடுக்கிற தண்ணீரா, ஒருவருக்கு ஊற்ற இன்னொருவர் குடத்தில் இருந்து எடுக்க? அவருக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்றுக் காலை ஒரு புது மாணவியின் முறை. மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், கியர் மாற்றுவதற்குப் பயப்படுகிறவர். நான் வண்டியைக் கிளப்பிவைத்துவிட்டு இறங்கி, அவருக்கு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின்சீட்டில் இருந்து எழவில்லை. புத்தகத்தின் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலை தூக்காமல் சொன்னார்:

“அவசரப்படாதீங்க மாஸ்டர். அவங்க தனியா உள்ள போயிருக்காங்க. வெளிய வரட்டும், அப்புறம் நாம போகலாம்.”

நான் எஞ்சினை அணைத்தேன்.